அளவுகோல் இன்று மிதமான வேதனையில் உள்ளது

பல் ஆஸ்பத்திரி வாசலில் நீலப் பெயின்ட் அடித்த இரண்டு கட்டங்கள் இருந்தன. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் கார் நிறுத்துவதற்கென்று ஒதுக்கிய இடம். ஒதுக்கின நாளிலிருந்து அதில் ஒரு கார் நின்று யாரும் பார்த்ததில்லை. காவலாளி அதைத் தினமும் பெருக்கி, அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவி, காக்காய் உட்கார்ந்தால்கூடக் கையைத் தட்டி விரட்டிப் பாதுகாத்து வந்தார். மற்ற எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டியையும் ஜெனரேட்டர் அறையையும் தாண்டி, மதிலோரமாகக் காரை விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். கை கால் திடமாக உள்ளவர்களுக்கு அது ஒரு நடையே இல்லை. பல்லக்காவுக்கு அந்த நடையிலேயே அன்றைய தெம்பில் பாதி தீர்ந்துவிடும்.

பல்லக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்கட்டில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பது அவள் வேலை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி வாயின் வார்ப்பை எடுப்பாள். அதன்மேல் மெழுகை உருக்கி வைத்து, நகத்தைவிடச் சின்னக் கத்தியால் பல்லைச் செதுக்குவாள். கடிக்கிற இடத்தில் எவ்வளவு மேடு, நாக்குப் படுகிற இடத்தில் எவ்வளவு வழவழப்பு என்பதெல்லாம் அவள் கைக்கு மனப்பாடம். தெருவில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், அது தான் செய்த பல்லா என்று பார்ப்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதுகெலும்புக்குள் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று ஆறுதலும் சொன்னார்கள். வெளியே கட்டு இல்லை, கோல் இல்லை, வீக்கம் இல்லை. பார்த்தால் நல்ல ஆரோக்கியமான பொம்பளை. ஆனால் மதிலோரத்திலிருந்து மேஜைக்கு வந்து சேர்வதற்குள் வலி தலைக்கேறி, கை நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற கையால் செதுக்கின பல் ஒன்று ஒரு வக்கீலுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பல். மயிரிழை அளவு கோணல். அவர் கோர்ட்டில் "சாட்சி" என்று சொல்லும்போதெல்லாம் விசில் வந்தது. நீதிபதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

பெரிய டாக்டரம்மா பல்லக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "கோவத்துல சொல்லலம்மா. உன் கைய நம்பித்தான் இந்த ஆஸ்பத்திரியே ஓடுது. ஆனா இன்னும் ஒண்ணு ரெண்டு இப்படி வந்துச்சுன்னா உன்ன முன்னாடி ரிசப்ஷன்ல உக்கார வெக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ரிசப்ஷன் என்றால் நாள் முழுக்க டோக்கன் கொடுத்துக்கொண்டு இளித்துக்கொண்டிருக்க வேண்டும். பல்லக்கா அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடியே அழுதாள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க வேண்டுமே.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வாத்தியார். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தாததால் வருவது என்பது அவர் கட்சி.

"வாசல்ல நீலக் கட்டம் சும்மாதானே கெடக்கு. அதுல நிறுத்தேன்" என்றார்.

"அது நெஜமாவே முடியாதவங்களுக்குங்க."

"அப்ப நீ பொய்யா முடியாதவளா?"

"நா நிறுத்தின நேரம் பாத்து ஒருத்தர் சக்கர நாற்காலில வந்துட்டார்னா?"

"இத்தனை வருஷமா வராத மனுஷன் நீ நிறுத்தற அன்னிக்குப் பாத்து வருவாரா?"

"வருவார். என் ராசி அப்படி" என்றாள் பல்லக்கா.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தனக்கு அந்த இடம் தகுமா தகாதா என்பதைத் தானே முடிவு செய்வதைவிட, அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் சொல்லட்டும் என்று பல்லக்கா வலி நிர்ணய ஆணையத்துக்குப் போனாள்.

இந்த ஆணையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் பாவம். நீலக் கட்டத்தில் நிறுத்த அனுமதிக்கும் நீல அட்டையைக் கொடுப்பது இவர்கள்தான். முன்பெல்லாம் டாக்டர் சீட்டுக் கொடுத்தால் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இப்போதைய இயக்குநர் வந்தார். அவர் வந்த கதையை அவரே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பல்லக்காவுக்கும் சொன்னார்.

"பாருங்கம்மா, ஒரு டாக்டர் 'கடுமையான வலி'ன்னு எழுதுவார். இன்னொருத்தர் 'தாங்க முடியாத வலி'ன்னு எழுதுவார். இதுல எது பெருசு? கடைல எடைக்கல் இல்லாம யாவாரம் பண்ண முடியுமா? நா வந்த புதுசுல ஒரு காட்சிசாலைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குள்ள ஒரு உலோகக் கட்டி. ஒரு காலத்துல உலகத்து எடைக்கெல்லாம் அதுதான் மூலமாம். பாத்ததும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துப்போச்சு. வலிக்கும் அப்படி ஒண்ணு வெச்சுட்டா? எல்லாரும் அதோட ஒப்பிட்டுக்கலாம். அழுகை கிழுகை எதுவும் தேவையில்ல. நா மனுஷங்க பேச்ச நம்பறதில்லம்மா. அளவத்தான் நம்புவேன். என் சம்சாரம் காய்ச்சல்னு சொன்னாக்கூடத் தெர்மாமீட்டர் வெச்சுத்தான் 'அப்படியா'ன்னு கேப்பேன்."

அப்படி விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரமான சுவர்களில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஓவியர் அவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். வலி நிரந்தரமானது என்று எழுதி வாங்கிக்கொண்டு அவரை நிரந்தர ஊழியராக்கி, பதவிக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்தார்கள். குளிர்சாதன அறை, மெத்தை நாற்காலி, கண்ணாடிக் கதவு. அரசுப் பதிவேட்டில் தளவாடங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டதால் ஆணையத்தில் யாரும் அவரை 'அவர்' என்று சொல்ல மாட்டார்கள். "அளவுகோல் சாப்பிட்டுக்கிட்டிருக்கு, கொஞ்சம் உக்காருங்க" என்றுதான் பல்லக்காவிடமும் சொன்னார்கள்.

சாப்பிட்டு முடித்து அளவுகோல் வந்தது. நரைத்த மீசையும் பணிவான கண்களுமாக ஒரு சாது. சோதனை எளிமையானது. நீளமான நடைபாதையில் அளவுகோலும் விண்ணப்பதாரரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். அளவுகோலுக்குப் பின்தங்கினால் அட்டை. முந்தினால் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு அதிகாரிகள் குறிப்பெடுப்பார்கள்.

பல்லக்காவுக்கு அன்று பார்த்து வலி கொஞ்சம் இறங்கியிருந்தது. அரசு அலுவலகம் என்று நல்ல புடவை கட்டி, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வேறு வந்திருந்தாள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம், "ஜடை போட்டிருக்காங்க. கை நல்லாத் தூக்க வருது போல" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். பல்லக்கா பதறிப்போய்த் தன் ஜடையை முன்னால் இழுத்துப் பின்னால் விட்டாள். அதையும் அந்த அம்மாள் குறித்துக்கொண்டார்.

நடக்க ஆரம்பித்தார்கள். அளவுகோல் வலது காலை இழுத்து இழுத்து, கல்யாண மாப்பிள்ளை போல நிதானமாக நடந்தது. பாதி தூரத்தில் தரை ஈரம். அளவுகோல் சறுக்கியது. சரிந்த மனிதரைப் பல்லக்கா இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியில் அவள் இடுப்பிலிருந்து குதிகால் வரை வெட்டி இழுத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். அது அவள் பழக்கம்.

இயக்குநர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அளவுகோல்ங்கறது ஒரு முழு வலி. அத நீங்க தாங்கிட்டீங்க. அப்ப உங்க பலம் ஒரு வலிக்கு மேல. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லம்மா, கணக்கு."

"நா பிடிக்கலன்னா விழுந்திருப்பாரே சார்."

"விழுந்திருந்தா உங்களுக்கு அட்டை கெடச்சிருக்கும்" என்றார் இயக்குநர் நியாயமாக. "விழற ஆள விட்டுட முடியாதவங்களா இருக்கீங்க. அத ஒரு குறைன்னு எங்க சட்டத்துல இன்னும் சேக்கலையே."

அரசுத் தளவாடத்தைச் சேதமில்லாமல் காப்பாற்றியதற்காக ஒரு பேனா கொடுத்து அனுப்பினார்கள்.

கணவர் விடவில்லை. மேல்முறையீடு, அதற்கு மேலே ஒரு முறையீடு என்று அலைந்து, ஆணையத்தின் வாசலிலேயே காரைக் குறுக்கே நிறுத்திச் சத்தம் போட்டு, ஒருவழியாக ஓர் அட்டை வாங்கிவிட்டார். ஆனால் அது முழு அட்டை இல்லை. ஒப்பீட்டு அட்டை. அதாவது, காலையில் ஆணையத்துக்குப் போன் செய்து, அன்றைக்கு அளவுகோல் என்ன வேதனையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தன்னுடைய வேதனை அதைவிட அதிகம் என்று மனசாட்சிப்படி தோன்றினால் நீலக் கட்டத்தில் நிறுத்தலாம்.

மனசாட்சியை வைத்து அட்டை கொடுத்தால் மனசாட்சி உள்ளவர்கள் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது ஆணையத்துக்குத் தெரியாமல் இல்லை. பல்லக்காவுக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, போன் செய்தாள். தேன் தடவின குரலில் ஒரு பெண் பதிவு செய்து வைத்த செய்தி வந்தது.

"வணக்கம். அளவுகோல் இன்று மிதமான வேதனையில் உள்ளது. உங்கள் வேதனை இதைவிட அதிகமானால் ஒதுக்கிய இடத்தில் நிறுத்தலாம். குறைவானால், உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி."

பல்லக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். அந்த மனுஷர் சாரத்திலிருந்து விழுந்தவர். அவருடைய மிதம் என்றால் அது எவ்வளவு இருக்கும்? நம்முடையது விழாமலே வந்ததுதானே. கார் தானாகவே மதிலோரத்துக்குப் போயிற்று.

அதற்கடுத்த நாள் அளவுகோல் சற்றுக் கூடுதலான வேதனையில் இருந்தது. அன்று பல்லக்காவுக்குப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே கணவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் 'கூடுதல்' என்று அரசாங்கமே சொல்லும்போது அதற்கு மேலே தனக்கு என்று எப்படிச் சொல்வது? ஒரு திங்கட்கிழமை, மழை கொட்டுகிறது. "அளவுகோல் இன்று விடுப்பில் உள்ளது. ஆகவே இன்று ஒப்பிடுவதற்கு வலி எதுவும் இல்லை" என்றாள் தேன்குரல்காரி. பல்லக்கா குடையைப் பிடித்துக்கொண்டு, வலி இல்லாத அந்த நாளில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். இன்னொரு நாள் அளவுகோலைச் சரிபார்ப்புக்காக உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு, ஆண்டு ஊதிய உயர்வை முன்னிட்டு அளவுகோலின் வேதனையும் உயர்த்தப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது.

காவலாளி தினமும் நீலக் கட்டத்தின் ஓரத்தில் நின்று எதிர்பார்ப்பார்.

"இன்னிக்கும் இல்லையாக்கா?"

"இல்லப்பா. இன்னிக்கு அவருக்கு ரொம்ப முடியலையாம்."

"யாருக்கு?"

"அளவுகோலுக்கு."

காவலாளி மரியாதையாகத் தலையை ஆட்டுவார். கொஞ்ச நாளில் அவரும் பல்லக்காவிடம் காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால் அளவுகோலுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பல்லக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பல்லக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் ஒரு கடைவாய்ப் பல் திரும்பி வந்தது. போட்டுக்கொண்ட ஆள் சாப்பிடும்போதெல்லாம் கன்னத்தைக் கடித்துக்கொண்டாராம். பெரிய டாக்டரம்மா அதைப் பல்லக்காவின் மேஜையில் வைத்துவிட்டு, திட்டாமல் நின்றார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"இன்னும் ஒண்ணுதாம்மா" என்றார். "அதுவும் இப்படி வந்தா, அடுத்த வாரத்துலேருந்து முன்னாடி உக்காந்துக்கோ."

அன்று மத்தியானம்தான் பின்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வாசல் படி இரண்டையும் ஒரே தாவாகத் தாவி ஏறி வந்தார். உடைந்த பல்லுக்கு மேலே போடுகிற உறைக்கு நிறம் பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். நிமிர்ந்து பல்லக்காவைப் பார்த்ததும் ஆள் அப்படியே உறைந்து போனார். பிறகு மெல்ல இடது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு வலது கால்ல இல்ல நொண்டினீங்க?" என்று கேட்டாள் பல்லக்கா.

அளவுகோல் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு அவரை 'அது' என்று சொல்ல நமக்கும் மனம் வரவில்லை.

"எனக்கு வலி போயி ரொம்ப வருஷமாச்சும்மா" என்றார். "மெத்தை நாற்காலில உக்காந்து உக்காந்தே சரியாயிடுச்சு. மொதல்ல சந்தோஷமா இயக்குநர்கிட்ட போய்ச் சொன்னேன். 'அளவுகோல் மாறக் கூடாது, போய் உக்காரு'ன்னுட்டார். வீட்ல மூணு பேர் சாப்பிடணும். உக்காந்துட்டேன்."

"அப்ப இந்தப் பல்லு வலி?"

"இது நெஜம். உயிர் போவுது. ஆபீஸ்ல சொன்னேன். 'உனக்கு அனுமதிச்ச வலி இடுப்புல மட்டும்தான், இஷ்டத்துக்குப் புது வலியெல்லாம் சேக்க முடியாது'ங்கறாங்க. லீவு கேட்டா, 'காரணம்'ங்கற எடத்துல என்ன எழுதறதுன்னு அவங்களுக்கே தெரியல."

பல்லக்கா அவர் வாயைத் திறக்கச் சொல்லி, நிறம் பார்க்கும் பல் வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தினமும் காலைல மிதமான வேதனை, கூடுதல் வேதனைன்னு சொல்றாங்களே, அது?"

வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். வாயை மூடினதும், "அட்டை கேட்டு வர்ற கூட்டம் ஜாஸ்தி ஆனா வேதனையக் கூட்டச் சொல்லுவாங்கம்மா. நா சரின்னுடுவேன்" என்றார்.

பல்லக்காவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. எத்தனை நாள் மழையில் நடந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பல் வலி. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டாள். அவள் வாங்கி வந்த வரம் அது.

போவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அம்மா, ஒரு உதவி. அடுத்த வாரம் மேலிடத்துலேருந்து குழு வருது. என்னை நடக்க விட்டுப் பாப்பாங்க. எனக்கு வலின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. வெறுமனே கால இழுக்கறேன், நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. உங்களுக்கு எப்படி வலிக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

பல்லக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர்கள் கேட்டதுண்டு. எத்தனை நாளாக என்று ஆணையம் கேட்டதுண்டு. எப்படி வலிக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் கேட்டால் அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்து கேட்க மாட்டார்.

"காலைல முழிப்பு வந்ததும் எந்திரிக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தாள். "அசையாமப் படுத்துட்டு, எந்தப் பக்கம் திரும்பினா கொஞ்சம் கம்மியா இருக்கும்னு யோசிப்பேன். இடுப்புல ஆரம்பிக்கும். கொதிக்கற தண்ணிய ஊத்தின மாதிரி தொடை பின்னாடி எறங்கும். குதிகால்ல வந்து நின்னுடும். நடக்கறப்போ குதிகால் தரைல படுதான்னே தெரியாது. எரிச்சல் மட்டும்தான் தெரியும். கார்லேருந்து எறங்கினதும் ஒடனே நடக்க வராது. கதவப் பிடிச்சுட்டு, பைல சாவி தேடற மாதிரி நிப்பேன். சாவி கைலதான் இருக்கும். ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல 'அபாயம்'னு ஒரு போர்டு இருக்கு. அது முன்னாடி நின்னு படிக்கற மாதிரி தினமும் மூச்சு வாங்கிப்பேன். யாராவது பாத்தாங்கன்னா சிரிச்சுடுவேன். சிரிச்சா கேக்க மாட்டாங்க இல்லையா?"

அவர் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன். நல்லாச் செய்யுங்க. வேல போயிடக் கூடாது" என்றாள் பல்லக்கா. அவளுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அடுத்த வாரம் ஆணையத்தில் விழா. ஒப்பீட்டு அட்டைக்காரர்கள் எல்லோரும் வந்து கைதட்ட வேண்டும் என்று உத்தரவு. வலி உள்ளவர்களுக்குப் பின்வரிசை, அதற்குப் பின்னால் சிலருக்கு நின்றுகொண்டிருக்க இடம். முன்வரிசையில் மேலிடக் குழு. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் துறைக்கு நா வந்தப்ப ஊர்ல வலின்னு சொல்லிட்டு ஆயிரக்கணக்குல வந்து நின்னாங்க. இன்னிக்கு நீலக் கட்டம் பூரா காலி. ஒரு கார் கெடையாது. இத விடப் பெரிய சாதனை என்ன வேணும்? வலிய ஒழிக்க டாக்டர்களால முடியல. நாங்க ஒழிச்சிருக்கோம்" என்றார். கைதட்டல் அடங்கியதும் அளவுகோலை நடக்க விட்டார்கள்.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் உடனே நடக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர் போல நின்றார். தேடின பொருள் கையிலேயே இருந்தது. பிறகு ஓர் அடி வைத்தார். குதிகால் தரையைத் தொட்டதும் முகத்தில் எதுவோ வந்து போயிற்று, அதை அவசரமாக மறைத்தார். இன்னோர் அடி. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்புக்கு முன்னால் நின்று, அதை முதல் தடவை பார்ப்பவர் போலப் படித்தார். முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். உடனே அளவுகோல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஜடையைக் குறித்துக்கொண்ட அந்தக் கண்ணாடி போட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேலிடக் குழுவின் தலைவர் கைக்குட்டையை எடுத்தார். பின்வரிசையில் பல்லக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ, இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு எப்படி இந்த மனுஷர் நடமாடுகிறார், இவரை வாசலிலேயே இறக்கிவிட்டால் என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவருக்கு யாராவது ஓர் இடம் தர மாட்டேன் என்று சொன்னால் எழுந்து சண்டைக்கே போயிருப்பாள்.

அப்புறம்தான் அது யாருடைய நடை என்று அவளுக்கு உறைத்தது.

தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பல்லக்கா வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலிக்குள் ஒடுங்கி, தேம்பித் தேம்பி அழுதாள். தினமும் இப்படியா வந்துகொண்டிருக்கிறோம்? தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேஜை வரைக்கும் இப்படியா?

"இப்படி ஒரு வலிய என் சர்வீஸ்லயே பாத்ததில்ல" என்று இயக்குநர் குரல் தழுதழுக்க அறிவித்தார். "இன்னிலேருந்து இதுதான் அளவு. இவ்வளவு வேதனைப்படற அளவுகோலுக்கு நம்ம ஆபீஸ் வாசல்லயே காரோட ஒரு நீலக் கட்டம் ஒதுக்கறேன்."

பல்லக்கா எழுந்து நின்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். "சார், அது என்னோட வலி" என்றாள்.

கூடம் திரும்பிப் பார்த்தது. இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, அது அரசாங்க வலி. பாக்கறவங்களுக்கெல்லாம் தனக்கே வலிக்கற மாதிரி தோணும். அவ்வளவு தரமானது. அதுக்காக அரசாங்கச் சொத்த யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது."

"அந்தம்மா சொல்றது நெஜம் சார்" என்றார் அளவுகோல்.

"அளவுகோல் பேசாது" என்றார் இயக்குநர். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது அளவுகோல் பல்லக்காவின் பக்கத்தில் வந்தார். நொண்டவில்லை, ஆனால் களைத்திருந்தார். "இந்தக் கூடத்து நீளம்தாம்மா நடந்தேன், அதுவும் பொய்யா" என்று மெல்லச் சொன்னார். "எனக்கு ஒக்காந்துக்கலாம் போல ஆயிடுச்சு. நீங்க எப்படிம்மா இத வெச்சுட்டு வேலைக்கும் போறீங்க?" அன்று முதல் தடவையாக, பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மேஜையில் ஒரு முன்பல் காத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு. டாக்டரம்மா சொன்ன அந்த 'இன்னும் ஒண்ணு' இதுதான். பல்லக்கா கேட்டுக்குள் நுழைந்து, பழக்க தோஷத்தில் காரை ஓரமாக நிறுத்திப் போன் செய்தாள்.

"வணக்கம். அளவுகோல் இன்று வரலாறு காணாத வேதனையில் உள்ளது. இதைவிட அதிக வேதனை யாருக்கும் இருக்க வாய்ப்பில்லை. அனைவரும் தள்ளி நிறுத்தவும். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி."

பல்லக்கா முழுவதையும் கேட்டாள். போனைப் பைக்குள் போட்டாள். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, ஈரம் காயாத நீலக் கட்டத்துக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

காவலாளி துடைப்பத்தோடு ஓடி வந்தார். "அக்கா, இப்பத்தான் கழுவினேன்" என்றார் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். அவருக்குப் பின்னால், தாடை வீங்கி டாக்டரைப் பார்க்க வந்த ஓர் அம்மாள் நின்று, காரையும் நீலப் பெயின்ட்டையும் பல்லக்காவின் பின்னின தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாத்தா நல்லாத்தான இருக்கீங்க" என்றாள். "இது முடியாதவங்க நிறுத்தற எடம் இல்லையா?"

பல்லக்கா கதவைத் திறந்து, ஒரு காலை மட்டும் வெளியே வைத்தாள். வலி குதிகாலுக்கு இறங்கி வந்து நின்றது. வாழ்க்கையில் தனக்காக அந்த ஒரு சொல்லை அவள் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை.

"ஆமாம்மா, எனக்கு முடியல" என்றாள். "கொஞ்சம் கையக் குடுங்க, எறங்கணும்."

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.